சிறுவயதில் பட்டதும் பிறகு மீண்டதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடி, வசை, புறக்கணிப்பு, குடிகார வீடு, போர் என்று எதையாவது தாங்கி வளர்ந்த குழந்தைகளின் உணர்வுகள் பின்னாளில் எப்படி அமைகின்றன, அவர்களில் பலர் எப்படி மீண்டு வருகிறார்கள் என்ற ஆய்வுகளைச் சில ஆண்டுகளாகப் படித்தும் அவற்றைப் பற்றிப் பேசியும் வருகிறேன். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒருவர் இருவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லோர் முன்னும் கேட்கத் தயங்கிய கேள்விகள் என்பதால்தான் இங்கே எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. கவாய் தீவு பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற பதில்கள் பலவும் அதைத் தொட்டுத்தான் போகின்றன.

சிறுவயதுத் துன்பம் என்று ஆய்வாளர்கள் எதைச் சொல்கிறார்கள்?

இப்போது உலகம் முழுக்கப் பேசப்படும் பட்டியல் அமெரிக்காவின் சான் டியேகோவில் பிறந்தது. அங்கே வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் 1980களில் உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சை மையம் ஒன்றை நடத்தினார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே திடீரென்று வராமல் நின்றுபோவது அவருக்குப் புரியவில்லை. காரணம் தேடிப் பேசிப் பார்த்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. அப்புறம் ராபர்ட் ஆண்டா என்ற தொற்றுநோயியல் மருத்துவரோடு சேர்ந்து 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். முதல் கட்டுரை 1998இல் வந்தது.

பட்டியலில் இன்று பத்து வகைகள் உண்டு. உடலால், சொல்லால், பாலியல்ரீதியாக நடந்த கொடுமை, உடல் தேவைகளிலும் மனத் தேவைகளிலும் புறக்கணிப்பு, தாய் அடிபடுவதைப் பார்த்தல், வீட்டில் குடி அல்லது போதை, மனநோய், பெற்றோர் பிரிவு, வீட்டில் ஒருவர் சிறை செல்லுதல். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் குறைந்தது ஒன்றையாவது குறித்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் படியேறிய, மருத்துவக் காப்பீடு உள்ள நடுத்தர வர்க்கத்தினர் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

அந்தப் பட்டியலில் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாம் வீட்டுச் சுவருக்குள் நடப்பவை. பசி இல்லை, போர் இல்லை, ஊரைவிட்டு ஓடியது இல்லை, பள்ளியில் சாதி சொல்லித் தனியே உட்கார வைத்தது இல்லை. உலக சுகாதார நிறுவனம் பின்னர் பல நாடுகளுக்காகத் தயாரித்த கேள்வித்தாளில் சக மாணவர்களின் துன்புறுத்தல், தெருவில் கண்ட வன்முறை, போர் போன்றவை சேர்ந்தன. தமிழில் இந்த ஆய்வைச் செய்கிறவர்கள் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

இணையத்தில் அந்தக் கேள்வித்தாளை நிரப்பினேன், பத்தில் 6 வந்தது. என் எதிர்காலம் அவ்வளவுதானா?

இல்லை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, தீர்ப்பு எழுதப்பட்டதுபோல் நிற்கிறார்கள்.

நான்கு அல்லது அதற்கு மேல் குறித்தவர்களிடம் மதுப் பழக்கமும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும், எதையும் குறிக்காதவர்களைவிடப் பல மடங்கு கூடுதல் என்று 1998 கட்டுரை சொன்னது உண்மை. ஆனால் அது ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. எண் 6 உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது ஒரே ஒரு கெட்ட ஆண்டு. இன்னொருவருக்குப் பதினைந்து ஆண்டு. ஒருவருக்கு அழுதால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள அம்மாச்சி வீடு இருந்தது, இன்னொருவருக்கு இல்லை. இதெல்லாம் அந்த எண்ணில் ஏறாது. அந்த ஆய்வை உருவாக்கிய ராபர்ட் ஆண்டாவே 2020இல், தனி மனிதரின் ஆபத்தை அளக்க இந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று சக ஆசிரியர்களோடு சேர்ந்து எழுதினார். எண்ணைப் போட்ட கையே அதைச் சொன்னபிறகு நீங்கள் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

கவாய் தீவு ஆய்வு என்கிறீர்களே, அது என்ன?

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் ஒரு தீவு கவாய். கரும்பும் அன்னாசியும் விளைந்த தோட்டங்கள். ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், அந்த மண்ணின் பூர்வகுடிகளும் அங்கே வாழ்ந்தார்கள். 1955ஆம் ஆண்டு அந்தத் தீவில் பிறந்த குழந்தைகளை, 698 பேரை, ஒருவர் விடாமல் பின்தொடர்வது என்று முடிவெடுத்தார்கள். தாய் வயிற்றில் இருந்தபோதே தொடங்கி, 1, 2, 10, 18, 32, 40 வயதுகளில் தேடிப்போய்ப் பார்த்தார்கள். இதை முன்னின்று நடத்தியவர்கள் எமி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு உளவியலாளர்கள். வெர்னர் ஜெர்மனியில் 1929இல் பிறந்தவர். அவருடைய சிறுவயதே இரண்டாம் உலகப் போருக்குள் கழிந்தது. பிள்ளைகள் எப்படித் தப்பிப் பிழைக்கிறார்கள் என்ற கேள்வி அவருக்கு ஏட்டில் படித்து வந்ததில்லை.

அந்தக் குழந்தைகளில் சுமார் 30 விழுக்காட்டினர் கடும் ஆபத்தில் பிறந்தவர்கள். வறுமை, பிரசவச் சிக்கல், ஓயாத சண்டை, பெற்றோரின் குடி, மனநோய், பிரிவு என்று நான்கோ அதற்கு மேலோ இரண்டு வயதுக்குள்ளேயே அவர்களைச் சூழ்ந்திருந்தன. இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு 10 வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ சிக்கல் வந்தது, அல்லது 18க்குள் காவல்துறை, மனநலம், சிறுவயதுக் கர்ப்பம் என்று ஏதோ ஒன்று வந்தது. மிச்சம் மூன்றில் ஒரு பங்கு, 72 பேர், பாசமும் பொறுப்பும் தன்னம்பிக்கையும் உள்ளவர்களாக வளர்ந்து நின்றார்கள். 40 வயதில் பார்த்தபோது அந்த 72 பேரில் வேலை இல்லாதவர் ஒருவரும் இல்லை, சட்டத்தோடு மோதியவர் ஒருவரும் இல்லை.

அதற்கு முன்பெல்லாம் சிறைச்சாலையிலும் மருத்துவமனையிலும் இருப்பவர்களைப் பிடித்து, "உங்கள் சிறுவயது எப்படி?" என்று பின்னோக்கிக் கேட்பதுதான் வழக்கம். அப்படிக் கேட்டால் கெட்டுப்போனவர்களின் கதை மட்டுமே கிடைக்கும். அதே வீட்டில், அதே தெருவில் வளர்ந்து நன்றாக வாழ்கிறவர் அந்த வாசலுக்கு வரவே மாட்டார். கவாயில் தொட்டிலிலிருந்து தொடர்ந்ததால்தான் அந்த 72 பேர் கண்ணில் பட்டார்கள்.

அந்த 72 பேரிடம் அப்படி என்ன இருந்தது?

முதலில், பச்சிளம் பருவத்திலேயே சுறுசுறுப்பும் சிரித்த முகமுமாக இருந்த பிள்ளைகள் அவர்களில் அதிகம். தூக்கினால் ஒட்டிக்கொள்ளும் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்குவார், இல்லையா? அதில் கொஞ்சம் பிறவிக் குணமும் உண்டு, மறுக்க முடியாது.

ஆனால் எல்லாக் கதைகளிலும் திரும்பத் திரும்ப வந்தது வேறொன்று. ஒரே ஒரு ஆள். பெற்றோர் தடுமாறிக் கிடந்தாலும், அந்தக் குழந்தையைத் தன் பிள்ளையாக நினைத்த யாரோ ஒருவர். தாத்தா பாட்டி, மூத்த அக்கா, அத்தை, மாமா. வீட்டில் யாரும் இல்லாதபோது ஓர் ஆசிரியர், ஒரு பக்கத்து வீட்டு அம்மா, கோயில் போன்ற வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பெரியவர். அவர் ஏதோ பெரிய தியாகம் செய்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கும் நாளைக்கும் மாறாமல் அங்கே இருந்தார், அவ்வளவுதான்.

அடுத்து, அந்தப் பிள்ளைகளுக்கு யாரோ தங்களை நம்பிக் கொடுத்த வேலை ஒன்று இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, வீட்டு வேலை, தோட்ட வேலை. "நான் இல்லாவிட்டால் இது நடக்காது" என்ற உணர்வு அவர்களைத் தாங்கிப் பிடித்தது என்கிறார் வெர்னர். இதை நான் கவனமாகத்தான் சொல்கிறேன். எட்டு வயதுப் பெண் குழந்தையின் இடுப்பில் ஒரு வயதுத் தம்பியை ஏற்றிவிட்டுப் பள்ளியை நிறுத்துவதற்கு இது சாட்சி ஆகாது. செய்கிற வேலை பிள்ளையின் வயதுக்குத் தகுந்ததாகவும், அதைப் பார்த்துப் பாராட்ட ஒருவர் இருப்பதாகவும் அமைந்தால்தான் அது பலம்.

ஆண்பிள்ளைகளுக்கு வீட்டில் ஒழுங்கும் விதியும், பின்பற்றத்தக்க ஓர் ஆணும், அழவும் பேசவும் இடமும் இருந்தது உதவியது. பெண்பிள்ளைகளுக்குத் துணிந்து செய்யவிடும் சுதந்திரமும், பின்னால் நிற்கும் ஒரு பெண்ணும் உதவியது. "ஆம்பளை அழக்கூடாது", "பொம்பளைப் பிள்ளை அடங்கி இரு" என்று நாம் சொல்லி வளர்ப்பதற்கு இது நேர் எதிர் என்பதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நினைத்துக்கொள்வேன்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பார்களே? எனக்கு வயது கடந்துவிட்டதே.

கவாயில் 18 வயதில் சிக்கலில் இருந்த அந்த மூன்றில் இரண்டு பங்கினரை நினைத்துப் பாருங்கள். 32, 40 வயதுகளில் திரும்பப் போய்ப் பார்த்தபோது அவர்களில் பெரும்பாலோர் நிலைப்பட்டிருந்தார்கள். முதல் தடவை இந்தப் பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். திருப்பம் வந்த வழிகள் என்று அவர்கள் சொன்னவை எல்லாம் சாதாரணமானவை: விட்ட படிப்பை உள்ளூர்க் கல்லூரியில் தொடர்ந்தது, ராணுவத்தில் சேர்ந்து ஒரு தொழில் கற்றது, அமைதியான ஒருவரைத் துணையாகக் கொண்டது, ஒரு நம்பிக்கைச் சமூகத்தில் இணைந்தது, சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியது. மனநல நிபுணரிடம் போய் மீண்டவர்கள் சிலர்தான். மீளாதவர்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது.

மிகச் சிறு வயதில் நடந்ததற்கு மட்டும் பழமொழியில் பாதி உண்மை இருக்கிறது. ருமேனியாவில் 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது அரசு விடுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். சோறும் கட்டிலும் உண்டு. தூக்கிக் கொஞ்ச ஆள் இல்லை. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகியோர் புகாரெஸ்ட் நகரில் 2000ஐ ஒட்டித் தொடங்கிய ஆய்வில் 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டு வயதை ஒட்டியோ அதற்கு முன்போ குடும்பத்துக்குப் போன பிள்ளைகள், வளர்ப்பவரோடு ஒட்டிப் பழகுவதில் நன்றாகத் தேறினார்கள். தாமதமாகப் போனவர்களுக்கு அது கடினமாக இருந்தது. அதே ருமேனியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப்போன பிள்ளைகளை மைக்கேல் ரட்டரின் குழு வளர்ந்த பிறகும் பின்தொடர்ந்தது. ஆறு மாதத்துக்கு மேல் விடுதியில் கிடந்தவர்களில்கூட ஐந்தில் ஒருவருக்கு எந்தச் சிக்கலும் தொடரவில்லை.

யாராவது குரலை உயர்த்தினால் எனக்குக் கை நடுங்குகிறது. மேலதிகாரியின் முகம் மாறினால் அன்றைய நாளே போச்சு. இது ஏன்?

உங்கள் உடம்பு ஒரு காலத்தில் நன்றாகப் படித்த பாடம் அது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேத் போலாக் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். குழந்தைகளுக்கு ஒரு முகத்தின் படம் காட்டப்படும். முதலில் மங்கல், ஒன்றும் தெரியாது, படிப்படியாகத் தெளியும். அடிபட்டு வளர்ந்த பிள்ளைகள், கோபமுள்ள முகத்தை மற்றப் பிள்ளைகளைவிட வெகு முன்னதாக, படம் பாதி மங்கலாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். 2002இல் வந்த முடிவு இது. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அப்பா இன்றைக்கு எப்படி வந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்ட பிள்ளைக்கு இது வியப்பாக இருக்காது. அந்த வீட்டில் அந்தக் கூர்மைதான் அவர்களைக் காப்பாற்றியது. சிக்கல் என்னவென்றால், வீடு மாறினாலும் உடம்பு காவலை விடுவதில்லை. மேலதிகாரி தலைவலியால் முகம் சுளித்தாலும் அது ஆபத்து மணி அடிக்கிறது.

புறக்கணிக்கப்பட்ட பிள்ளைகளிடம் கதை வேறு. அவர்களுக்கு முகங்களில் ஓர் உணர்ச்சியையும் இன்னொன்றையும் பிரித்தறிவதே கடினமாக இருந்தது. யாரும் முகத்தோடு முகம் வைத்துப் பேசியிராதபோது எங்கிருந்து கற்பது? "எனக்கு எதுவுமே உறைப்பதில்லை, அழுகையும் வரவில்லை" என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். அதனால்தான் கேட்டி மெக்லாக்லினும் மார்கரெட் ஷெரிடனும் எல்லாத் துன்பத்தையும் ஒரே எண்ணாகக் கூட்டாமல், அச்சுறுத்தல் தனி, கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போனது தனி என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒன்று மிதமிஞ்சிய விழிப்பைக் கற்றுத் தருகிறது, இன்னொன்று கற்க வேண்டியதைக் கற்கவிடாமல் செய்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் நடப்பதும் உண்டு.

இன்னொரு வகை ஆய்வில், ஒரு நாளில் பல தடவை கடிகாரம் ஒலிக்கும்; ஒலித்ததும் இப்போது என்ன செய்கிறேன், மனம் எப்படி இருக்கிறது என்று குறிக்க வேண்டும். சிறுவயதில் கொடுமை கண்டவர்களுக்குப் பேருந்து தவறுவது போன்ற சிறு தொல்லையும் மனத்தை அதிகம் புரட்டிப்போடுவது அதில் தெரிந்தது. ஆகவே "இதுக்கெல்லாமா இப்படி?" என்று உங்களையே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். நிதானமாகப் பழக்கினால், பாதுகாப்பான ஆட்களோடு நாள்பட இருந்தால், அந்த மணி மெல்ல மெல்ல அடங்கும்.

என்னையும் அடித்துத்தான் வளர்த்தார்கள். நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?

நீங்கள் நன்றாக இருப்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அடியால் நன்றாக இருக்கிறீர்களா, அடி இருந்தும் நன்றாக இருக்கிறீர்களா என்பது வேறு கேள்வி. அடியாத மாடு படியாது என்கிறோம். 1,60,000 குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வெளிவந்த ஒரு தொகுப்பு, பின்புறத்தில் தட்டுவது என்று நாம் லேசாக நினைக்கும் அடிகூட முரட்டுத்தனத்தோடும் மனச்சிக்கலோடும்தான் சேர்ந்து வருகிறது என்று காட்டியது. சொன்ன பேச்சு கேட்கும் நல்ல குணத்தோடு சேர்ந்து வரவில்லை. கவாயில் ஆண்பிள்ளைகளுக்கு உதவியது விதியும் ஒழுங்கும் என்றேன்; விதி வேறு, பிரம்பு வேறு.

வெளியே நன்றாக இருப்பவர் உள்ளே எப்படி இருக்கிறார் என்பதையும் யாரோ ஒருவர் பார்க்க வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தின் கிராமங்களில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளை ஜீன் புரோடி பின்தொடர்ந்தார். நன்றாகப் படித்து, நடத்தையிலும் குறை சொல்ல முடியாமல் வளர்ந்த பிள்ளைகளின் உடம்பை 19 வயதில் சோதித்தபோது, ரத்த அழுத்தமும் மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்களும் உயர்ந்திருந்தன. தோல் அளவில் மீண்டவர்கள் என்று பெயர் வைத்தார். முதல் தலைமுறைப் பட்டதாரியாகக் குடும்பத்தையே தோளில் தூக்கிக்கொண்டு, தூக்கம் வராமல் படுத்திருக்கும் எத்தனையோ பேரை நம் ஊரில் எனக்குத் தெரியும். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்று அவர்களை விட்டுவிடாதீர்கள்.

தமிழ்க் குழந்தைகளைப் பற்றி ஆய்வுகள் உண்டா?

இலங்கையின் வடகிழக்கில் உண்டு. சுனாமிக்குப் பிறகு அங்கே 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் கிளாடியா கத்தானியும் சக ஆய்வாளர்களும் நேரில் பேசி, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 82.4 விழுக்காட்டுப் பிள்ளைகள் போரின் ஏதோ ஒரு கொடுமையை அனுபவித்திருந்தார்கள். 30.4 விழுக்காட்டினருக்கு மனவடு, 19.6 விழுக்காட்டினருக்குக் கடும் மனச்சோர்வு. இதுவரை எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையில் ஏதாவது ஒன்றைச் சொன்ன பிள்ளைகள் 95.6 விழுக்காடு. அப்பாவின் குடி, பிள்ளை வீட்டில் படும் கொடுமையோடு தெளிவாகப் பிணைந்திருந்தது. குண்டு விழுந்த ஊரில், கடல் கொண்டுபோன ஊரில், பிள்ளைகள் வீட்டுக்குள்ளும் அடிபட்டார்கள். குண்டைப் பற்றிப் பேச நமக்கு வாய் வருகிறது. வீட்டைப் பற்றிப் பேச வருவதில்லை.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்படுகின்றன என்று தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார். சந்தேகம், மௌனம், யாரையும் நம்பாமை ஒரு சமூகத்தின் பழக்கமாகவே மாறிவிடுவதை அவர் காட்டினார். பிள்ளையைத் தாங்கும் அந்த ஒரு ஆளும் காயப்பட்டிருந்தால், முதலில் அந்த ஆளைத் தாங்க வேண்டும்.

இந்தியாவில் மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. மூன்றில் இரண்டு பேர் உடலளவில் கொடுமைப்பட்டதாகவும், 53.22 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகவும் சொன்னார்கள். தமிழ்நாடு அந்த 13இல் இல்லை.

எனக்குச் சரியாக நினைவில்லை. நடந்ததா, நானே கற்பனை செய்துகொண்டேனா?

நினைவு பற்றி ஆய்வு சொல்வதைக் கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். குழந்தையாக இருக்கும்போதே பதிவான கொடுமையையும், வளர்ந்தபிறகு அவர்களே நினைவிலிருந்து சொன்னதையும் ஒப்பிட்ட 16 ஆய்வுகளை ஜெசி பால்ட்வின் 2019இல் திரட்டினார். பதிவில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னாளில் அதைச் சொல்லவில்லை. பின்னாளில் சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பதிவில் இல்லை. இரண்டாவதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்குள் நடப்பதில் மிகக் கொஞ்சம்தான் எந்தப் பதிவேட்டிலும் ஏறுகிறது. மறுபக்கம், நீதிமன்றப் பதிவில் இருந்தும் நினைவாகச் சொல்லாதவர்களுக்கு மனச்சிக்கல் குறைவாகவும், நினைவாகச் சொன்னவர்களுக்கு அதிகமாகவும் இருந்ததை ஆண்ட்ரியா டானிஸ், கேத்தி ஸ்பாட்ஸ் விடோம் இருவரும் 2020இல் காட்டினார்கள். அப்படியானால் இன்று உங்களை அழுத்துவது, நடந்ததை நீங்கள் எப்படிச் சுமக்கிறீர்கள் என்பதும்தான். தேதியையும் சாட்சியையும் தேடி முடித்த பிறகுதான் உதவி கேட்க வேண்டும் என்றில்லை.

'மீள்திறன்' என்ற சொல் சரியா?

பரவலாக அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு 'மீள்தல்' போதும். திறன் என்றதும் அது ஓர் ஆளுக்குள் இருக்கும் பொருள் ஆகிவிடுகிறது. உனக்கு இல்லை, அவனுக்கு இருக்கிறது என்று பேச்சு போகிறது. இந்தத் துறையில் மூத்தவரான ஆன் மாஸ்டன் 2001இல் இதைச் சாதாரண மாயம் என்றார்: அபூர்வமான எதுவும் வேண்டாம், ஒட்டுதல், பள்ளி, நட்பு போன்ற அன்றாட ஏற்பாடுகள் கெடாமல் இருந்தாலே பெரும்பாலான பிள்ளைகள் மீள்வார்கள்.

மனநல ஆலோசனைக்கு நம்மிடம் 'ஆற்றுப்படுத்தல்' என்ற அழகான சொல் புழங்குகிறது. ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், வழியில் வாடி வரும் இன்னொரு பாணனுக்கு "நான் போன வழி இது, நீயும் போ" என்று காட்டுவதுதான் பழைய ஆற்றுப்படை. பட்டவர் பட்டவருக்கு வழிகாட்டுவது.

மன்னித்தால்தான் மீள முடியுமா?

இல்லை. கவாயில் நன்றாக வளர்ந்த பலர் பெற்றோரின் சச்சரவிலிருந்து மனத்தளவில் விலகி நின்றவர்கள். அம்மா அப்பாவை மன்னித்துவிடு என்று உறவினர்கள் நெருக்கும்போது, விலகி நிற்பதும் ஒரு வழிதான் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.

எழுதி வைத்தால் பாரம் குறையுமா?

சிலருக்குக் குறைகிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனத்தைப் பாதித்ததை எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் அவர்கள் மனம் முன்பைவிடக் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. பிந்தைய ஆய்வுகளில் பலன் சிறியதாகவே இருக்கிறது. எழுதும்போது தலை சுற்றி, அந்த இடத்திலேயே மறுபடி இருப்பதுபோல் ஆனால் நிறுத்திவிடுங்கள். தனியாகச் செய்ய வேண்டிய வேலை இல்லை அது.

நான் உளவியல் மாணவி. இதைத் தமிழில் ஆய்வு செய்ய விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

ஆங்கிலக் கேள்வித்தாளை மொழிபெயர்ப்பதில் தொடங்காதீர்கள். "உங்களுக்கு மனச்சோர்வு உள்ளதா?" என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெரியம்மா இல்லை என்பார். "நெஞ்சு அடைக்குது, உடம்பெல்லாம் வலி, எதிலும் மனசு ஒட்டல" என்று பத்து நிமிடத்தில் அவரே சொல்வார். முதல் சில மாதங்கள் மக்கள் எந்தச் சொல்லில் வேதனையைச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மனம் பாரம், ஏக்கம், விரக்தி, வெறுமை எல்லாம் ஒன்றில்லை.

அடுத்தது இடம். மாமியார் அடுத்த அறையில் இருக்கும்போது ஒரு மருமகள் தன் சிறுவயதைச் சொல்ல மாட்டாள். சொன்னாலும் அதன் விலையை நீங்கள் போனபிறகு அவள்தான் கொடுப்பாள். எங்கே பேசுவது, யார் காதில் விழும் என்பதை முன்கூட்டியே திட்டமிடுங்கள். அழுதால் என்ன செய்வது, யாரிடம் அனுப்புவது என்று ஏற்பாடு இல்லாமல் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது.

18 வயதுக்குக் குறைந்தவரிடம் பேசினால் இன்னொன்று. இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவது, அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பெரியவர் செய்யும் துரோகம். எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்பதைப் பேசத் தொடங்கும் முன்பே அதற்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள்.

கடைசியாக, கெட்டதை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். "அப்போ உங்களுக்கு யார் இருந்தா?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில், அதுவரை தரையைப் பார்த்துப் பேசியவர்கள் நிமிர்ந்து பார்ப்பது அந்தக் கேள்விக்குத்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை தினமும் அடிபடுகிறது. நான் என்ன செய்ய முடியும்?

ஆபத்து என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 1098, இலங்கையில் 1929, இரண்டும் குழந்தைகளுக்கான உதவி எண்கள். உங்களுக்கே மனம் தாங்கவில்லை என்றால் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, தமிழில் பேசலாம்.

அதற்கு அப்புறமும் உங்களுக்கு வேலை இருக்கிறது. அந்தப் பிள்ளை உங்கள் வாசலைக் கடக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வீட்டுப்பாடம் எழுத உங்கள் திண்ணையில் இடம் கொடுங்கள். சின்னதாக ஒரு பொறுப்பு கொடுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல. என்ன நடந்தது என்று துருவிக் கேட்காதீர்கள். அது சொல்ல வரும் நாளில் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். நாளைக்கும் அதே நேரத்தில் கதவைத் திறந்து வையுங்கள்.